ஜட்கா பாயின் கோடைச் சுனை

ஏலகிரி மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள், எப்படா வண்டியில் ஏறிக் காலை நீட்டுவோம் என்று தவித்துக்கொண்டு வருவார்கள். வண்டிக்காரர் விடமாட்டார். கடிவாளத்தைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, நம் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, "சொல்லுங்க, இன்னா பாத்தீங்க?" என்பார். பதில் வராமல் வண்டி நகராது. குதிரைக்கும் அது பழகிப்போயிருந்தது. நாம் ஏறி உட்கார்ந்ததும் பின்னங்கால் ஒன்றைத் தளர்த்திக்கொண்டு தூங்க ஆரம்பித்துவிடும்.

அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. வாணியம்பாடியில் எல்லோருக்கும் அவர் ஜட்கா பாய். மருதாணி போட்ட தாடி, வெளுத்துப்போன சிவப்புத் தொப்பி, முழங்காலுக்குக் கீழே வளைந்து சூம்பிப்போன இடது கால். கைகளை ஊன்றித்தான் வண்டியில் ஏறுவார். ஆனால் ஏறி உட்கார்ந்துவிட்டால் கவர்னர் தோற்றார். விலா எலும்பெல்லாம் வெளியே தெரியும் அந்தக் குதிரைக்கு சுல்தான் என்று பெயர் வைத்தவர் வேறு எப்படி இருப்பார்!

நான் காவேரிப்பாக்கத்துப் பெண். எங்கள் ஊர் ஏரிக்கரைதான் என் ஆயுசில் நான் ஏறிய பெரிய மேடு. வாணியம்பாடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது என்னை முதலில் வரவேற்றது மாமியார் இல்லை, தோல் நாற்றம். சுண்ணாம்புக் குழி, ஊறுகிற தோல், ஆவாரம்பட்டைச் சாறு எல்லாம் சேர்ந்து மூக்கில் ஏறும். அதிலும் சித்திரை, வைகாசியில் பாலாறு வெறும் மணலாகி, கிணறுகளும் கீழே போய்விட்டால், தோல் பதனிடுகிற ஷாப்புகளில் தண்ணீர் மாற்ற வழியிருக்காது. நாற்றம் ஒன்றுக்கு இரண்டாகிவிடும். அந்த நாட்களில் கொஞ்சம் வசதி இருக்கிறவர்கள் கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். மோட்டார் பஸ் என்பதெல்லாம் அப்போது எங்கள் பக்கம் வரவில்லை. அடிவாரம் வரைக்கும் ஜட்கா, அதற்கு மேல் நடராஜா சர்வீஸ்தான்.

என் வீட்டுக்காரர் ஒரு தோல் மண்டியில் கணக்குப்பிள்ளை. பொய் சொல்லத் தெரியாத மனிதர். இது பெருமைக்குச் சொல்வதில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். சாம்பாரில் உப்பு குறைந்தால் விருந்தாளியை உட்கார வைத்துக்கொண்டே "உப்பு கம்மி" என்பார். என் அண்ணன் ஆசையாக எடுத்து வந்த வேட்டியைப் பிரித்துப் பார்த்து, "கரை சுமார்தான்" என்றார். அப்பேர்ப்பட்டவர்.

கல்யாணமான முதல் கோடையில் என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். விடிவதற்கு முன்பே ஜட்கா வந்து நின்றது. வழியெல்லாம் பாய் பேசிக்கொண்டே வந்தார்.

"மொத வளைவு தாண்டினா ஒரு பலாமரம் வரும் தங்கச்சிம்மா. வேர்லயே காய்க்கும், மண்ணுல புதைஞ்சி கெடக்கும். வாசனையை வெச்சித்தான் கண்டுபிடிக்கணும். அதுக்கு மேல மூங்கிப் புதரு. அங்க சத்தம் போடாம போங்க, கரடி படுத்திருக்கும். உச்சிக்குப் போயிட்டா வடக்கால பாருங்க. நம்ம ஊரு தெரியும். தோலு காய வெச்சிருக்கறது அப்பளம் காயப் போட்டாப்ல இருக்கும்."

மலையைத் தன் வீட்டுக் கொல்லையைப்போல் சொல்லிக்கொண்டு வந்தார். நான் அசந்துபோய், "எத்தனை தடவை ஏறியிருக்கீங்க பாய்?" என்று கேட்டேன்.

"நானா? இந்தக் காலை வெச்சிக்கினா?" என்று சிரித்தார். "ஒரு தடவைகூட இல்ல."

போகிறவர்கள் வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்ததுதான் அந்த மலை முழுக்க. ஒருவர் சொன்ன பலாமரம், இன்னொருவர் சொன்ன மூங்கில், யாரோ ஒரு தோல் வியாபாரி விழுந்தடித்து ஓடி வந்து சொன்ன கரடி. அதனால்தான் அந்த "இன்னா பாத்தீங்க?" கேள்வி. வேலூரிலிருந்து வந்த ஒரு ஆபீசர் மட்டும், "ஒன்றும் இல்லை, வெயில்தான்" என்று சொன்னாராம். பாய் நிதானமாகக் குதிரையை அவிழ்த்துப் புல் போட்டுவிட்டார். "ஒண்ணுமே இல்லாத மலையை ஆண்டவன் எதுக்கு இத்தினி ஒசரமா வைக்கறாரு? யோசிச்சி சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்." ஆபீசர் குதித்துப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். கடைசியில் அவருடைய சம்சாரம் பொறுக்கமாட்டாமல், "ஒரு குரங்கு இவங்க தலைப்பாகையைப் பிடுங்கிக்கிட்டு மரத்து மேல போய் உக்காந்துக்கிச்சு" என்று சொல்லிவிட்டாள். "அப்படிச் சொல்லுங்க!" என்று பாய் உடனே குதிரையைப் பூட்டினாராம். அந்தக் குரங்கையும் அதன் பிறகு எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடிவாரத்தில் எங்களை இறக்கிவிட்டதும் அவருடைய குரல் மாறியது.

"எனக்கு ஒரு வேலை செய்யணும் நீங்க. உச்சிக்குக் கொஞ்சம் கீழ ஒத்தப் பாறை ஒண்ணு இருக்கும். அதுக்குப் பின்னால ரெண்டு கொன்னை மரம். அதுங்களுக்கு நடுவுல ஒரு சுனை. மழைக்காலத்துல காஞ்சி கெடக்கும். சித்திரை பொறந்தா பொங்கும்."

"கோடையிலா பொங்கும்?" என்றேன்.

"கோடையிலதான். எங்க ஊட்டுல சொன்னது. கல்யாணத்துக்கு முன்ன அவ அப்பாரு மலைக்கு உப்பு எடுத்துக்கினு போவாரு, இவளும் கூடப் போவா. அவ மவுத்தாயி, போய்ச் சேந்து எத்தினியோ வருசம் ஆச்சி. சுனை இன்னும் இருக்குதான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க தங்கச்சிம்மா."

ரிசர்வ் காடு. கோடையில் தீப்பிடிக்கும் என்று பாரஸ்ட் கார்டு ஒருவன் அடிவாரத்திலேயே தீப்பெட்டிகளை வாங்கி வைத்துக்கொள்வான். பீடிக்காரர்களுக்கு அன்றைக்கு விரதம். நாங்கள் ஏறினோம். அம்மாடி, எவ்வளவு நாள் கழித்து நல்ல மூச்சு! இலையுதிர்ந்த மரங்களுக்கு நடுவே சரக்கொன்றை மட்டும் மஞ்சளாகப் பூத்துத் தள்ளியிருந்தது. பலாமரம் பாய் சொன்ன இடத்திலேயே இருந்தது. மலைக்காரர்கள் ஒரு பழத்தை வெட்டி, கையில் எண்ணெய் தடவிக்கொடுத்து, தின்னச் சொன்னார்கள். நான் வெட்கமில்லாமல் தின்றேன். உச்சியிலிருந்து பார்த்தால் கீழே ஜோலார்பேட்டை ரயில் புகை விட்டுக்கொண்டு ஊர்ந்து போனது. வடக்கே எங்கள் ஊர். தோல்கள் அப்பளம்தான், சந்தேகமே இல்லை.

ஒற்றைப் பாறையும் இருந்தது. பின்னால் கொன்றை மரங்களும் இருந்தன. சுனை மட்டும் இல்லை. என் வீட்டுக்காரர் பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். முள்ளுக்குள் தலையைவிட்டு வேட்டியைக் கிழித்துக்கொண்டார். பக்கத்தில் புளி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மலைக்காரப் பெண்ணைக் கேட்டோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சித்திரையில சுனை பொங்குமா? குடிக்கற தண்ணிக்கே நாங்க பள்ளம் எறங்கிப் போயி மொண்டு வர்றோம். இங்க எப்பவும் சுனையே இருந்ததில்ல. நீங்க இத்தோட எத்தனாவது ஆளு வந்து கேக்கறீங்க!"

இறங்கும்போது எனக்குப் பாயை நினைத்துக் கஷ்டமாகத்தான் இருந்தது. கூட வருவதோ உப்பு கம்மி ஆசாமி. போட்டு உடைத்துவிடப் போகிறார் என்று பயந்துகொண்டே வந்தேன்.

வண்டியில் ஏறினோம். கடிவாளம் மடிக்குப் போனது. பலா, ரயில், அப்பளம் எல்லாம் சொல்லி முடித்தோம். பாய் அதையெல்லாம் கேட்டுக்கொண்டார், ஆனால் காத்திருந்தது அதற்காக இல்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"சுனை இருக்குதா கணக்குப்புள்ள ஐயா?"

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "இருக்குது பாய். பாத்தோம்."

நான் அவரையே பார்த்தேன். என்னைக் கட்டிக்கொண்டு வந்த மனிதர்தானா என்று சந்தேகமாகிவிட்டது. பாய் கண்ணை மூடிக்கொண்டார். "தண்ணி எப்படி இருந்துச்சி?"

ஒரு பொய்யோடு என் வீட்டுக்காரரின் சரக்கு தீர்ந்துவிட்டது. திருதிருவென்று விழித்தார். இனி நாம்தான் என்று நான் களத்தில் இறங்கினேன். "ஜில்லுனு இருந்துச்சு பாய். கையை விட்டா எடுக்கவே மனசு வரல. ஒரு தவளைகூட உக்காந்திருந்துச்சு."

"தவளையா!" பாய் கண்ணைத் திறந்தார். "இதுவரைக்கும் யாரும் தவளை சொன்னதில்லையே!" அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை சுல்தானிடம் ஏதோ உருதுவில் பாடிக்கொண்டே வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, உப்பு கம்மின்னு ஊருக்கே தம்பட்டம் அடிக்கிறவரு நீங்க. அங்க மட்டும் இன்னா ஆச்சு?"

"சாம்பாருக்கு மூஞ்சி இருக்குதா?" என்றார் அவர். "அந்த மனுசன் மூஞ்சியைப் பாத்தியா நீ?"

அதற்கு அப்புறம்தான் விசாரித்தேன். ஊரில் மலை ஏறிய அத்தனை பேரும் இதையே செய்திருந்தார்கள். மண்டி முதலாளி மீன் பார்த்ததாகச் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்து டீச்சரம்மா அல்லி பார்த்திருந்தாள். தோல் ஷாப்பு மேஸ்திரி அந்தத் தண்ணீரைக் குடித்ததில் தன் வயிற்றுவலி போய்விட்டது என்று அடித்துச் சொல்லியிருந்தார். தண்ணியடிக்கிற மேஸ்திரிக்கு வயிற்றுவலி எதனால் என்று ஊருக்கே தெரியும். ஒருத்தர்கூட இல்லை என்று சொல்லவில்லை. அடுத்த கோடையில் நாங்கள் போனபோது பாய் அடிவாரத்தில் வேறு யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். "அங்க ஒரு தவளை இருக்குது. காலை வைக்கறப்ப பாத்து வைங்க. மிதிச்சிடப் போறீங்க." எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் ஏதோ வந்தது.

இப்படியே கோடைகள் போயின. ஒவ்வொரு வருஷமும் மலை பாயின் வாயில் கொஞ்சம் வளர்ந்தது, சுனையும் வளர்ந்தது. அவர் மலை ஏறப்போவதில்லை, யாருக்கும் தொந்தரவில்லை என்று ஊரும் நிம்மதியாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு வைகாசியில் மண்டி முதலாளி குடும்பம் மலைக்குக் கிளம்பியது. எங்களையும் டீச்சரம்மாவையும் சேர்த்துக்கொண்டார்கள். முதலாளியின் அக்காவுக்குப் பருத்த உடம்பு, இரைப்பும் உண்டு. அவளால் நடக்க முடியாது என்று, மலைக்காரர்களிடம் சொல்லி டோலி ஏற்பாடு செய்திருந்தார்கள். மூங்கில் கம்பில் போர்வையைத் தூளிபோல் கட்டி, தூக்குகிற ஆட்கள் தயாராக நின்றார்கள். அந்த அம்மாள் வந்து ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னாடா இது? உசிரோட இருக்கறப்பவே என்னைப் பாடையில ஏத்தறீங்களா? நான் மாட்டேன். நான் இங்கயே வெத்தலை போட்டுக்கினு உக்காந்திருக்கேன். நீங்க போய்ட்டு வாங்க."

எவ்வளவு கெஞ்சியும் அவள் அசையவில்லை. டோலிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "அப்ப யாரு ஏறறது?" என்று கேட்டார்கள்.

"நான் ஏறட்டுமா?"

ஜட்காவிலிருந்து வந்தது குரல். நாங்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தோம். பாய் தொப்பியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பெண் கேட்கிறவர்போல் கூச்சமாக இருந்தது அவர் முகம்.

"போச்சு" என்று என் வீட்டுக்காரர் என் காதில் சொன்னார்.

முதலாளி ஏதேதோ சொல்லிப் பார்த்தார். வெயில் ஜாஸ்தி என்றார். பாதை சரியில்லை என்றார். டீச்சரம்மா, "உங்க குதிரையை யார் பாத்துக்கறது?" என்று ஒரு பெரிய தடையைக் கண்டுபிடித்தாள். "கணக்குப்புள்ள ஐயா பாத்துப்பாரு" என்று பாய் கடிவாளத்தை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டார். குதிரை என்றால் பத்தடி தள்ளி நிற்கிற மனிதர் அவர். மற்றவர்கள் எல்லாம் திடீரென்று கால் வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்று அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சுனை இல்லாத இடத்தில் பாய் பக்கத்தில் நிற்க ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. மீன் பார்த்த முதலாளி ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அந்த மனிதரைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. டோலியோடு நான் நடந்தேன்.

போகும்போது அவர் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. டோலியிலிருந்து தலையை நீட்டி நீட்டிப் பார்த்தார். "தோ, பலாமரம்! மண்ணுல இருக்குது பாருங்க காயி!" என்றார். மூங்கில் புதர் வந்ததும் எங்கள் எல்லோரையும் 'உஸ்' என்று அடக்கினார். மரத்தில் குரங்குகளைப் பார்த்து, "இதுல எதும்மா தலைப்பாகை எடுத்தது?" என்று கேட்டார். உச்சியில் ரயிலைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார். "எல்லாம் சொன்னது சொன்னபடி இருக்குது தங்கச்சிம்மா. ஒருத்தரும் தப்பு சொல்லல." எனக்கோ, இத்தனையும் மெய்யாக இருந்து, அவர் கேட்ட அந்த ஒன்று மட்டும் பொய்யாக இருக்கிறதே, கடவுளே என்று இருந்தது.

ஒற்றைப் பாறை வந்தது. பின்பக்கம் போய் டோலியை இறக்கினார்கள். கொன்றைப் பூ தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. அதற்கு அடியில் காய்ந்த மண். டோலிக்காரன் ஒருவன், "இங்க இன்னாத்துக்கு எறக்கச் சொன்னீங்க? இங்க ஒண்ணும்..." என்று ஆரம்பித்தான். நான் அவனை முறைத்தேன். அவன் நிறுத்திக்கொண்டான்.

பாய் கையை ஊன்றி நகர்ந்துபோய் அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தார். பூவை விலக்கிவிட்டு மறுபடியும் தொட்டுப் பார்த்தார்.

"இந்த வருசம் வெயில் கொஞ்சம் ஜாஸ்தி பாய், அதான் வத்திப்போச்சு போல..." என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். டோலிக்காரர்கள் தள்ளிப் போய் நிழலில் படுத்துக்கொண்டார்கள்.

"மூட்டை ஏத்தின வண்டி என் காலு மேல ஏறிடிச்சி தங்கச்சிம்மா. இதே மாதிரி வைகாசி மாசம். எழுந்திருக்க மாட்டேன், செத்துப் போறேன்னு சொவத்தைப் பாத்துக்கினு படுத்துட்டேன். அவதான் பக்கத்துல உக்காந்து விசிறிக்கினே இந்தச் சுனைக் கதையைச் சொல்லுவா. தெனமும் சொல்லுவா. வெயிலு ஏற ஏற தண்ணி பொங்குமாம். நீ எழுந்து நடந்தாத்தான் கூட்டிக்கினு போயிக் காட்டுவேன், இல்லாட்டி நான் மட்டும் போய்க் குளிச்சிட்டு வந்துடுவேன்னு வம்பு பண்ணுவா. அந்த ரோசத்துலதான் எழுந்தேன். கோலை ஊனிக்கினு நாலு அடி வெச்சேன். அதுக்குள்ள அவளுக்குக் காய்ச்சல் கண்டு போய்ட்டா."

விலக்கிய பூவை மறுபடி அந்த மண்ணின் மேல் பரப்பினார்.

"கோடையில எங்கயாச்சும் சுனை பொங்குமா? எனக்கு அப்பவே சந்தேகம். அதனாலதான் போறவங்க வர்றவங்களை எல்லாம் கேட்டேன். யாராச்சும் ஒருத்தரு இல்லன்னு சொல்லிட்டா விட்டுடலாம்னு இருந்தேன். யாருமே சொல்லல."

"பாய்..." என்றேன். அழுகை வந்துவிட்டது.

"நீங்க இன்னாத்துக்கு அழறீங்க?" என்றார். அவருக்கும் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் தாடிக்குள் சிரிப்பும் இருந்தது. "அவ என் காலுக்காகச் சொன்னா. நீங்கல்லாம் எனக்காகச் சொல்லியிருக்கீங்க. முதலாளி மீனு, டீச்சரம்மா அல்லி, மேஸ்திரி வயித்துவலி. அந்தத் தவளை உங்களுதுதானே?"

"ஆமா பாய்."

"நல்லா இருந்துச்சி தவளை. ராத்திரியில நெனைச்சிக்கினு படுத்துப்பேன்."

கொன்றைப் பூ ஒரு கையளவு அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு டோலிக்காரர்களைக் கூப்பிட்டார். இறங்குகிற வழியெல்லாம் எனக்கு ஒரே கவலைதான். கீழே போய் இவர் எல்லோரையும் என்ன கேட்கப்போகிறார், அவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்ளப்போகிறார்கள்? இனிமேல் யாரிடமாவது, என்ன பார்த்தீர்கள் என்று கேட்பாரா?

அடிவாரத்தில் அத்தனை பேரும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவர்கள் மாதிரி வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் கடிவாளத்தை முழங்கை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டோலியை இறக்கியதும் பாய் யார் முகத்தையும் பார்க்காமல் ஜட்காவைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். கடிவாளத்தை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். 

மண்டி முதலாளியின் அக்காவுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. மலையே ஏறாதவள், அந்தச் சுனையை மெய்யாகவே நம்புகிறவள். வெற்றிலையைத் துப்பிவிட்டு அவள்தான் கேட்டாள். "இன்னா பாய், இந்தத் தடவை உங்களை நாங்க கேக்கறோம். சொல்லுங்க, இன்னா பாத்தீங்க? சுனை இருக்குதா?"

பாய் நிமிர்ந்து எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இருக்குது. நீங்கல்லாம் கம்மியாத்தான் சொல்லியிருக்கீங்க."

முதலாளி மரத்தில் சாய்ந்துகொண்டார். டீச்சரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. உப்பு கம்மி ஆசாமி, தன் ஆயுசில் இரண்டாவது பொய்யைச் சொல்கிறவர்போல் மெதுவாகக் கேட்டார்.

"அந்தத் தவளை... இருந்துச்சா பாய்?"

"தங்கச்சிம்மா ஒண்ணுன்னு சொன்னாங்க" என்று பாய் கடிவாளத்தைக் கையில் எடுத்தார். "ஜோடியா இருக்குது."

சுல்தான் கிளம்பியது.